பிள்ளை சொன்ன சொல் யாருக்குரியது?

எம்பெருமான் விநாயகரின் திருவருளால் வெளிவரும் எமது ஆலய ஆண்டு மலருக்கு இம்முறையும் ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். கடந்த ஆண்டுகளில் ஆலய வரலாறு, திருப்பணி வரவு செலவு, மகோற்சவ உபயகாரர் விபரம் ஆகியவற்றையே எழுதி வந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவனுக்குக் கணக்கும் பட்டியலும் எழுதுவது இலகு. இம்முறை கணக்கில் அடங்காத ஒரு விடயம் மனதைக் குடைந்துகொண்டிருப்பதால் அதனையே எழுதத் துணிகின்றேன். பாடசாலையில் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்பதற்கென்று ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் ஒரு பிள்ளை சொன்னதை நாம் கேட்டு அறியலாமா, கூடாதா என்பதே அது. கோயில் மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். பாடசாலையில் எட்டு மணிக்கு நிற்கும் பிள்ளைகள்தாம் மாலைப் பூசைக்குப் பஞ்சபுராணம் ஓத வருகிறார்கள். அத்துடன், இது அறம் சார்ந்த கேள்வியாகவும் எனக்குப் படுகிறது.

சில காலத்திற்கு முன்னர் எமது உறவினர் ஒருவர் என்னிடம் வந்தார். அவரது வீட்டுப் பிள்ளை ஒன்று சில மாதங்களாக முன்போல் இல்லை என்றும், சாப்பாட்டிலும் படிப்பிலும் மனமில்லை என்றும், கேட்டால் வாய் திறப்பதில்லை என்றும் கவலைப்பட்டார். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையின் அறைக்கு அப்பிள்ளை போய்வந்ததை யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். “அண்ணை, நீங்கள் கோயில் ஆள். பள்ளிக்கூடச் சங்கத்திலையும் இருக்கிறியள். உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டா. ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ” என்றார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்த ஒருநாள் நானும் அந்த ஆசிரியையிடம் தனியாகப் பேச்சுக் கொடுத்தேன்.

அவர் எழுந்து நின்று மரியாதையாகக் கதிரை தந்தார். நான் பெயரைச் சொல்லிக் கேட்டதும் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஐயா, குறை நினைக்காதையுங்கோ. ஆர் என்னட்டை வந்தது, ஆர் வரேல்லை எண்டதையே நான் சொல்லக்கூடாது” என்றார். நான் விடவில்லை. பிள்ளையின் நன்மைக்குத்தான் கேட்கிறேன், நான் வேறு ஆள் அல்ல என்றேன். “அந்தப் பிள்ளை எண்டில்லை, எந்தப் பிள்ளைக்கும் பொதுவாச் சொல்லுறன். சாப்பிடேக்கை ஆராவது பக்கத்திலை இருக்கச் சொல்லுங்கோ. ஒண்டும் கேக்க வேண்டாம். சும்மா இருந்தாக் காணும்” என்பதே அவர் சொன்ன மறுமொழி. இதனை உறவினரிடம் வந்து சொன்னபோது, “இதைச் சொல்லவே ஒரு ரீச்சர்?” என்று அவர் சினந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சினமே. எனது வயதுக்கும் பதவிக்கும் கிடைத்த மரியாதை அந்தக் கதிரை மட்டுந்தானா என்று நினைத்தேன்.

இவ்விடத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, எந்தத் தரம், எந்தக் குறிச்சி என்பவற்றை நான் எழுதவில்லை. நீங்களும் யாரென ஊகிக்க முயல வேண்டாம். இடம், காலம் முதலியவற்றை மாற்றியே எழுதியிருக்கிறேன். ஆதலால் ஊகித்தால் பிழையாகவே ஊகிப்பீர்கள்.

அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது, பல ஆண்டுகளாக நினைக்காதிருந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நான் உத்தியோகத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன காலம். எந்தக் கந்தோர் என்பது இங்கு தேவையில்லை. ஊழியர்களின் தனிப்பட்ட கோவைகள் எனது மேசைக்கே வரும். சில கடிதங்களின் தலைப்பில் ‘அந்தரங்கம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஒருநாள் எம்மோடு வேலை செய்த ஒருவர் இடர்கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். அதனுடன் அவரது மகளின் வைத்தியச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. மனநோய் தொடர்பான சான்றிதழ் அது. வாசித்ததும் உண்மையிலேயே எனக்கு மனம் வருந்தியது. தேநீர் குடிக்கும் நேரத்தில் பக்கத்து மேசை நண்பரிடம், “பாவம் மனுசன், அவற்றை மகளுக்கு இப்படியாம்” என்று சொன்னேன். அவ்வளவுதான். பின்னேரம் கந்தோர் மூடுவதற்கிடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சில மாதங்களில் தூர இடத்திற்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் ஒன்று நின்றதாகவும் பின்னர் கேள்விப்பட்டேன். எனது சொல்லால்தான் நின்றது என்று எவரும் சொல்லவில்லை. இல்லை என்று நானும் இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அன்று நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கெட்ட நோக்கமும் இருக்கவில்லை, இரக்கத்தினால்தான் சொன்னேன். எவர்க்கும் தீங்கு தராத சொல்லைச் சொல்வதே வாய்மை என்று வள்ளுவப் பெருந்தகை வரையறுத்திருப்பதைப் பாடசாலையில் மனனம் செய்து பரிசும் வாங்கியவன் நான். நடந்தது நடந்தபடி இருந்தும் எனது சொல் வாய்மை ஆகவில்லை என்பதை அன்று உணரவில்லை. ஊரில் ஒருவரது துன்பம் பெரும்பாலும் பகையாளியின் வாயால் பரவுவதில்லை. “பாவம்” என்று தொடங்குபவர்களாலேயே பரவுகிறது என்பது எனது அனுபவம். அந்த ஆசிரியை என்னிடம் சொல்லியிருந்தால் நான் உறவினரிடம் சொல்லியிருப்பேன். அவர் மனைவியிடமும், மனைவி தன் தமக்கையிடமும் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் “பாவம்” என்றே தொடங்கியிருப்பார்கள்.

ஆயினும் எனது உறவினரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனைத் தள்ளிவிட முடியாது. பெற்று வளர்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, நேற்று மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியைக்குத் தெரிந்திருப்பது எந்த வகையில் முறை? அந்த ஆசிரியை நாளை வேறு பாடசாலைக்குப் போய்விடுவார். பிள்ளையோடு கடைசிவரை இருக்கப்போவது தாய் தகப்பன்தான். மருந்து வாங்கிக் கொடுப்பதும், இரவில் விழித்திருப்பதும் அவர்கள்தான். எமது பண்பாட்டில் பிள்ளை தனித்த ஓர் ஆள் அல்ல, குடும்பத்தின் ஓர் அங்கம். கையில் நோவு என்றால் உடம்பு முழுவதற்கும் தெரியத்தானே வேண்டும்? இந்தக் கேள்வியை வெள்ளைக்காரர் எழுதிய விதிமுறை ஒன்றைக் காட்டி மடக்கிவிடலாம். ஆனால் அது மறுமொழி ஆகாது.

எனக்குத் தோன்றிய மறுமொழி இது. பிள்ளை ஏன் எம்மிடம் சொல்லவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அன்பு இல்லாமல் அல்ல, பல சமயம் அன்பு இருப்பதனாலேயே சொல்வதில்லை. சொன்னால் அம்மா அழுவா, அப்பா கோபிப்பார், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் காலத்திலிருந்து தன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை உடைந்துவிடும் என்ற பயம். கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் கதையை அறநெறிப் பாடசாலையில் சொல்லிக்கொடுக்கிறோம். கோபத்தில் தகப்பன் சொன்ன ஒரு சொல்லுக்காக யமனுடைய வாசல்வரை போய், மூன்று இரவு பட்டினி கிடந்த சிறுவன் அவன். யமன் மூன்று வரங்கள் தருகிறான். மரணத்தின் பின் என்ன என்ற பெரிய கேள்வியையே நாம் விதந்து பேசுவோம். அது மூன்றாவது வரம். அப்பிள்ளை முதலில் கேட்டது, தகப்பனின் மனம் ஆறவேண்டும், தான் திரும்பிப் போகும்போது அவர் கோபமின்றித் தன்னை ஏற்கவேண்டும் என்பதுதான். அவ்வளவு பெரிய ஞானத்திற்குத் தகுதியான பிள்ளைக்கே அதுதான் முதற்கவலை. எமது வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிதாக இருக்கும்!

அப்படிப்பட்ட பிள்ளை ஒருவரைத் தெரிந்தெடுத்து ஒரு சொல்லைச் சொல்கிறது. பிள்ளைக்குக் காணி இல்லை, வீடு இல்லை, வங்கிப் புத்தகம் இருந்தாலும் அது எமது கையொப்பத்தில் இருக்கிறது. தனக்கென்று அதனிடம் உள்ளது அந்தச் சொல் ஒன்றுதான். அதனைக் கேட்டவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இது ஒரு தர்மகர்த்தாவுக்கு விளங்காத விடயம் அல்ல. சுவாமியின் நகைப்பெட்டிச் சாவி எம்மிடம் இருக்கிறது. நகை எம்முடையது அல்ல. பெரிய மனிதர் ஒருவர் வந்து, “என்னென்ன இருக்கிறதென்று ஒருக்கால் திறந்து காட்டுங்கோ, நான் ஒன்றும் எடுக்கமாட்டேன்” என்றால் திறப்போமா? அவர் நல்லவர் என்பது அங்கே கேள்வி அல்ல. திறக்கும் உரிமை எமக்கில்லை. நான் அன்று அந்த ஆசிரியையிடம் போய்க் கேட்டது இதைத்தான். எனது பதவியைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பதவி எனக்குக் கற்றுத்தந்திருக்கவேண்டியதை அவர் செய்துகாட்டினார்.

அப்படியானால் சாவியை எந்தக் காலத்திலும் கையிலேயே பொத்தி வைத்திருப்பதா? அதுவும் அல்ல. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அப்போது தர்மகர்த்தாவாக இருந்த எனது பெரியப்பா எவரிடமும் கேட்கவில்லை. நிர்வாகசபையைக் கூட்டவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மழையில் நடந்தார். எங்கே வைத்திருந்தார் என்பது 1996 இல் ஊர் திரும்பும்வரை இரண்டு பேருக்கே தெரியும். ஆபத்து வந்தபோது பெட்டியை அதன் இடத்திலிருந்து எடுத்தார். ஆனால் வழியெல்லாம் திறந்து காட்டிக்கொண்டு போகவில்லை.

உளவளத்துணை ஆசிரியருக்கும் இதே எல்லைதான் என நினைக்கிறேன். ஒரு பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவதாகச் சொன்னாலோ, அதன்மேல் யாரோ கை வைக்கிறார்கள், அடித்து வதைக்கிறார்கள் என்று தெரியவந்தாலோ, வேறொருவருக்குப் பெருந்தீங்கு வரும் நிலை இருந்தாலோ அந்தச் சொல்லைப் பூட்டிவைப்பது அறம் ஆகாது. அது பிள்ளையையே பூட்டிவைப்பது. அப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சொல்லவேண்டிய இடம் வேறு. அதிபர் இருக்கிறார். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. அதன் 1929 என்ற இலக்கத்திற்கு எந்த நேரமும் அழைக்கலாம். மனநலம் தொடர்பான உதவிக்கு 1926 என்ற இலக்கம் உண்டு. தீங்கு செய்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், வீட்டாரிடம் முதலில் சொல்வதே பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம். இதை எழுதுவது கசப்பாக இருக்கிறது. ஆனாலும் மறைத்துப் பயனில்லை. நல்ல உளவளத்துணையாளர் முதல் நாளே பிள்ளையிடம், “உன்னுடைய உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தென்றால் நான் சொல்லத்தான் வேண்டிவரும்” என்று கூறிவிடுவார். சொல்ல நேரும்போதும் பிள்ளைக்கு அறிவித்த பின்னரே, யாரிடம் சொல்லப்போகிறார் என்பதையும் கூறிவிட்டுச் சொல்வார். ஒளித்து வைப்பதும் ஒளித்துச் சொல்வதும் இரண்டுமே ஏமாற்றுத்தான்.

‘உளவளத்துணை’ என்ற சொல்லைச் சிறிது சிந்திக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஆலோசகர் என்பார்கள். எம்மிடையேயும் பாடசாலைச் சுற்றறிக்கைகளில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் ‘சீர்மியம்’ என்ற சொல்லும் வழங்குகிறது. ஆலோசனை என்றால் நாம் எல்லோரும் தாராளமாகத் தருவோம். திண்ணையில் இருந்தாலே போதும். துணை என்பது வேறு. காடு கடக்கும்போது துணைக்கு வருபவர் வழிநெடுகப் புத்தி சொல்லிக்கொண்டு வருவதில்லை, கூட நடக்கிறார். கார்ல் ரொஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951 இல் வெளியிட்ட நூலில், புத்தி சொல்வதைக் காட்டிலும் எதிரில் இருப்பவரைத் தீர்ப்புக் கூறாமல் உற்றுக்கேட்பதே குணப்படுத்தும் வழி என்பதைப் பெரும் சிகிச்சை முறையாகவே வகுத்தார். எமது மண்ணில் இந்த அறிவு போரின் நடுவிலேதான் வேரூன்றியது. மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் எழுதிய ‘மனவடு’ என்ற நூல் 1993 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 மே மாதத்திற்குப் பின்னரும் உறவுகளை இழந்து வந்த பிள்ளைகளின் பக்கத்தில் இருந்தவர்களில் ஆசிரியர்கள் பலர். அவர்களில் சிலர் தாங்களும் இழந்தவர்கள். அவர்கள் கேட்டவற்றில் எவ்வளவு இன்னும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்தால், அவர்களிடம் போய் “என்ன சொன்னது?” என்று கேட்கும் நா எழாது.

சைவர்களாகிய எமக்கு இன்னொரு காட்சி நன்கு தெரிந்தது. சீர்காழித் திருக்குளக் கரையில் மூன்று வயதுப் பிள்ளையை இருத்திவிட்டுச் சிவபாத இருதயர் நீருள் மூழ்கி மந்திரம் செபிக்கிறார். செய்வது நல்ல காரியம், தெய்வ காரியம். ஆனால் நீருக்குள் இருப்பவருக்குக் கரையில் அழும் குரல் கேட்கவில்லை. அழுகையைக் கேட்டு வந்தவர் உமையம்மையார். அம்மையார் “ஏன் அழுகிறாய், யார் உன்னை விட்டுப்போனது” என்று விசாரணை நடத்தியதாகச் சேக்கிழார் பெருமான் பாடவில்லை. பாலை ஊட்டினார். பின்னர் கரையேறிய தந்தையார் வாயில் வழிந்த பாலைக் கண்டு, கையில் கோலை எடுத்துக்கொண்டு “யார் தந்தது, காட்டு” என்று கேட்கிறார். ஞானசம்பந்தரின் திருத்தந்தையாரைக் குறைசொல்ல நான் யார்? அவரும் அன்பினால்தான் கேட்டார். ஆனால் மகோற்சவ நாட்களில் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை பந்தலும் மேளமும் மின்குமிழும் என்று மூழ்கிக் கிடந்துவிட்டு, இடையில் பிள்ளையின் முகத்தைக் கண்டு “என்ன நடந்தது, சொல்லு” என்று அதட்டும்போதெல்லாம் அந்தக் கோல் எமது கையில்தான் இருக்கிறது. பாடசாலைகளில் பிரம்பு கூடாது என்று 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. குரலில் உள்ள பிரம்புக்குச் சுற்றறிக்கை இல்லை.

இனி, நடைமுறையில் இந்த ஆசிரியர்கள் படும் பாட்டையும் சிறிது சொல்லவேண்டும். பல பாடசாலைகளில் இவர்களுக்கு வேறு பாடங்களும் நேரசூசியில் உண்டு. ஒரு பிள்ளை வாய்திறக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். சில இடங்களில் ஒழுக்காற்றுக் குழுவிலும் இவர்களையே போடுகிறார்கள். காலையில் துணை, மாலையில் நீதவான் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? அடுத்தது இடம். நூல்நிலைய மூலை, ஆய்வுகூடத்தின் பின்பக்கம், இல்லாவிட்டால் மாமரத்தடி. எல்லாவற்றுக்கும் மேலாக இது ஊர். பட்டினத்தில் மனநல வைத்தியரைக் கண்டுவிட்டுப் பஸ் ஏறினால் ஆரும் அறியார். இங்கே அந்த ஆசிரியை எமது கோயிலுக்கே வெள்ளிக்கிழமையில் வருகிறார். பிள்ளையும் வருகிறது, பிள்ளையின் பேத்தியாரும் வருகிறார். மூவரும் ஒரே பிரசாதத் தட்டில் கை நீட்டுகிறார்கள். முகத்தில் ஒரு சிறு மாற்றமும் காட்டாமல் அவர் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போவதை இப்போது நான் கவனிக்கிறேன். அதுவும் ஒரு விரதம் என்றே எனக்குப் படுகிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பாவிக்காமல் கிடந்த பழைய களஞ்சிய அறையை அவருக்கு ஒதுக்குமாறு பிரேரித்தேன். வழமைபோல் சிலர் எதிர்த்தார்கள். விளையாட்டுச் சாமான்களை எங்கே வைப்பது என்று ஒரு பெரிய விவாதம். ஈற்றில் ஏற்றுக்கொண்டார்கள். அறைக்குக் கதவு இல்லை. பலகையும் கூலியும் நான் பொறுப்பேற்றேன். ஆசாரியாரிடம் நல்ல தடித்த கதவாக, வெளியில் ஒன்றும் தெரியாதபடி செய்யச் சொல்லியிருந்தேன். ஆசிரியை அதைக் கேள்விப்பட்டு, “ஐயா, கதவிலை ஒரு கண்ணாடி வேணும்” என்றார். எனக்கு விளங்கவில்லை. மறைவாக இருக்கவேண்டும் என்று தானே இவ்வளவும் என்றேன். “பிள்ளையும் பெரியாளும் தனிய இருக்கிற அறை ஐயா. ஆரும் போகேக்கை வரேக்கை பாக்கக்கூடியதா இருக்கவேணும். பிள்ளைக்கும் அது நல்லது, எனக்கும் நல்லது. பாக்கலாம், கேக்கக்கூடாது. அவ்வளவுதான்” என்றார்.

ஆசாரியார் கதவின் நடுவில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தார். கீழ் விளிம்பில் சத்தம் வெளியே வராதிருக்க றப்பர்ப் பட்டி அடித்தார். சென்ற தவணையில் ஒருநாள் அவ்வழியால் போனேன். கண்ணாடியினூடாக ஒரு பிள்ளையின் முதுகும் ஆசிரியையின் முகமும் தெரிந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். அது யாருடைய பிள்ளை என்று பார்க்கக் கால் ஒரு கணம் தயங்கியது. அலுவலகத்தில் கையொப்பம் இடவேண்டிய பற்றுச்சீட்டு இருந்ததால் நேரே போய்விட்டேன்.